மழையும் மிதிவண்டியும்: காலுக்கு எது காப்பு?

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பேசிய அண்ணன்மார் ராக்கெட்டைப் பற்றியும் பாலம் கட்டியதைப் பற்றியும் பேசினார்கள். எனக்குச் செயலாளர் அண்ணன் கொடுத்த தலைப்பு பேண்ட். சிரிக்காதீங்க. டிசம்பரில் நம் சங்கத்தின் சார்பில் சைக்கிள் பயணம் போகிறோம். கல்லூரி வாசலில் கிளம்பி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி. ஒரு இரவு தங்கல். மறுநாள் இறக்கம். இதுவரை 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இருப்பதிலேயே மூத்தவருக்கு 61 வயது. நான்கு பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத சமயம். அதனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாட்டர்ப்ரூஃப் பேண்ட் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று பயணக் குழுவில் ஒரு யோசனை வந்தது. ஒன்று ஒன்பதாயிரம் ரூபாய். 22 பேருக்கு 1,98,000 ரூபாய். நாளைக் காலை பொதுக்குழுவில் இது முடிவாக வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். வேலை பார்ப்பதோ துணிக்குப் பூச்சு போடும், லேமினேஷன் செய்யும் ஆலையில். ஓய்வு நாட்களில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவன். அதனால் என்னைக் கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவன் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிப் பேர் தூங்கினாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். என் முடிவு இதுதான்: அந்த ஒன்பதாயிரம் ரூபாய் பேண்ட் நமக்கு வேண்டாம். மழைப் பேண்ட்டை மழைக்காகப் போடாதீங்க, இறக்கத்துக்காகப் போடுங்க. ஏன் என்பதுதான் மீதிப் பேச்சு.

தண்ணீர் இரண்டு பக்கமும் வருகிறது

மழையில் சைக்கிள் மிதிக்கிறவனின் காலுக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று வானத்திலிருந்தும் ரோட்டிலிருந்தும் வருவது. இன்னொன்று நம் உடம்பிலிருந்தே வருவது, வியர்வை. கடைக்காரர் முதல் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவார். நம் ஊரில் நம்மை நனைப்பதில் இரண்டாவதுக்கும் பெரிய பங்கு உண்டு.

கணக்கைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,793 மீட்டர். கிட்டத்தட்ட 1,470 மீட்டர் ஏற்றம், தூரம் சுமார் 33 கி.மீ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குவதற்கு மட்டும் சராசரியாக 85 வாட் வேண்டும். டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்து 100 வாட் என்று போடுங்கள். மனித உடம்பு ஒரு சுமாரான எஞ்சின்தான். எரிக்கிற சக்தியில் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு, அதாவது 300 வாட், வெறும் சூடு. ஹீட் டிரான்ஸ்ஃபர் எடுத்த சார் முன்னாடி இருக்கிறார், தப்பாக இருந்தால் நிறுத்தலாம்.

அந்த 300 வாட் சூட்டையும் வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும் என்றால், மணிக்கு சுமார் 450 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். நான்கு மணி நேர ஏற்றத்தில் நான்கு பாட்டில். குளிர்ந்த காற்று கொஞ்சம் சூட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் நடப்பில் இது குறையும். ஆனாலும் லிட்டர் கணக்குதான். இதைக் காற்றுப் புகாத ஒரு பேண்ட்டுக்குள் அடைத்தால் என்ன ஆகும்? மழை வெளியே நிற்கும். உள்ளே தனியாக ஒரு மழை பெய்யும்.

துணி கடந்து வந்த வழி

இந்தச் சிக்கல் புதிதல்ல. கிளாஸ்கோ நகரத்து வேதியியலாளர் சார்லஸ் மேக்கிண்டாஷ் 1823-ல் காப்புரிமை வாங்கினார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பசை மாதிரி தடவி ஒட்டினார். தண்ணீர் நின்றது. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் பலகை போல விறைத்தது, நாற்றம் வேறு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறை 1840-களில் வந்த பிறகுதான் விறைப்பும் பிசுபிசுப்பும் போயின. வியர்வைப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கு நாம் ஸ்கூட்டரில் போட்டுக்கொள்ளும் பி.வி.சி. ரெயின்கோட், கொள்கை அளவில் அந்த மேக்கிண்டாஷின் பேரன்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மான்செஸ்டரில் ஷர்லி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வகம் வேறு வழி பார்த்தது. பூச்சே இல்லாமல், நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தார்கள். தண்ணீர் பட்டதும் நூல் உப்பி, இடைவெளி அடைபட்டுவிடும். வென்டைல் என்று பெயர். கடலில் விழும் விமானிகளுக்காகச் செய்த துணி அது. அருமையான துணி. ஆனால் நனைந்தால் கனம், காய நாளாகும், விலையும் அதிகம்.

மூன்றாவது வழி 1969-ல் அமெரிக்காவில் வந்தது. பாப் கோர் என்பவர் டெஃப்ளான் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தார். அது அறுந்து போகாமல் நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிந்தது. கோர்-டெக்ஸ் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி துளைகள் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியது, நீராவி நுழையப் போதுமான அளவுக்குப் பெரியது. 1976 முதல் இந்தத் துணியில் தைத்த மழை உடைகள் விற்பனைக்கு வந்தன. டெஃப்ளான் குடும்பத்து ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் மக்காமல் தங்கிவிடுகின்றன என்ற கவலை எழுந்ததால், 2022 முதல் அதே கம்பெனி பாலிஎத்திலீனில் செய்த சவ்வுக்கு மாறத் தொடங்கியது.

நீராவியை வெளியே தள்ளுவது யார்?

இங்கேதான் நம் ஊருக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. சவ்வில் மோட்டார் எதுவும் கிடையாது. உள்ளேயிருக்கும் நீராவியை வெளியே தள்ளுவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடு மட்டும்தான். தோல் 33 டிகிரியில் இருந்தால் அங்கே அழுத்தம் சுமார் 38 மி.மீ. பாதரசம். ஸ்காட்லாந்தில் 10 டிகிரியில் மழை பெய்கிறது. காற்றில் ஈரம் நூறு சதவிகிதம் இருந்தாலும் அழுத்தம் சுமார் 9 மி.மீ. தான். வேறுபாடு 29. நம் காரமடைப் பக்கம் 25 டிகிரியில் மழை பெய்கிறது. வெளியே அழுத்தம் சுமார் 24. வேறுபாடு 14. பாதிக்குப் பாதி போச்சு.

அதாவது, அதே பேண்ட், அதே விலை, நம் ஊர் மழையில் பாதிதான் வேலை செய்யும். வெளித்துணி முழுக்க ஊறி, தண்ணீர் ஒரு படலமாக மேலே படிந்துவிட்டால் அந்தப் பாதியும் குறையும். குற்றம் துணியில் இல்லை. அது பிறந்த சீதோஷ்ணம் வேறு.

லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 10,000 மி.மீ. மாதிரி. துணிமேல் ஒரு குழாயை நிறுத்தி, அதில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது என்று அர்த்தம். மழைத்துளிக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும். தேவை மழைக்கு அல்ல, சீட்டுக்கு. 70 கிலோ ஆளின் பாதி எடை, உள்ளங்கை அளவு இடத்தில், 100 சதுர சென்டிமீட்டரில் விழுகிறது என்று வைத்தால், அழுத்தம் 3,500 மி.மீ. நீர்த்தூணுக்குச் சமம். எலும்பு அழுத்தும் இடத்தில் இன்னும் அதிகம். 2,000 மி.மீ. என்று போட்ட துணி நடந்து போகிறவனுக்குப் போதும். சைக்கிள்காரனுக்குப் பின்பக்கம் நனைந்துவிடும்.

இரண்டாவது எண், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நீராவியை விடும் என்பது. இதை அளக்கப் பல சோதனை முறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. எந்த முறை என்று போடாத இரண்டு லேபிள்களை ஒப்பிடுவது, செமஸ்டர் மார்க்கையும் இன்டர்னல் மார்க்கையும் கூட்டி ரேங்க் போடுவது மாதிரி.

ஏற்றம் வேறு, இறக்கம் வேறு

இப்போது நம் பயணத்துக்கு வருவோம். அதை மூன்று துண்டாக வெட்டிப் பாருங்கள்.

முதல் துண்டு, கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சமவெளி. மழை பெய்தாலும் 24, 25 டிகிரி இருக்கும். மிதித்துக்கொண்டே இருக்கும் காலுக்கு இது குளிரே இல்லை. நனையட்டும். சீக்கிரம் காயும் மெல்லிய சைக்கிள் ஷார்ட்ஸ் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தொடையை அறுக்கும், காயாது.

இரண்டாவது துண்டு, கோத்தகிரி ஏற்றம். வேகம் மணிக்கு எட்டு கி.மீ., காற்றே இருக்காது, உடம்பு 300 வாட் சூட்டைக் கக்குகிறது. இங்கே பேண்ட் போட்டவன் மழையில் நனைந்தவனைவிட அதிகமாக நனைவான்.

மூன்றாவது துண்டு, மறுநாள் இறக்கம். ஆபத்து இங்கேதான், அதுவும் சத்தமில்லாமல் வரும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குறைந்தால், கீழே 25 டிகிரி இருக்கும்போது மேலே 15, 16தான். விடியற்காலை என்றால் இன்னும் குறைவு. மிதிக்கிற வேலை இல்லை. சும்மா உருண்டு வரும் உடம்பு உண்டாக்கும் சூடு 100 வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வேகம் மணிக்கு 30 கி.மீ. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காற்று நனைந்த துணியில் அடிக்கிறது. அந்த நேரத்தில் 200 கிராம் தண்ணீர் நம் உடம்புச் சூட்டை வாங்கி ஆவியானால், அதற்கு மட்டும் 133 வாட் போகிறது. வரவு 100, செலவு 133. காற்று நேரடியாகப் பிடுங்கிக்கொண்டு போகும் சூடு தனி. வட்டிக்கு வாங்கிக் குடித்தனம் நடத்துகிற கதை.

உடம்பு இதை எப்படிச் சமாளிக்கும் தெரியுமா? கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றும். விளைவு, விரல் மரத்துப் போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது, என்னோடு வந்த ஒருவர் திடீரென்று ஒரு வளைவில் காலை ரோட்டில் தேய்த்து நிறுத்தினார். "பிரேக் பிடிக்குது, ஆனா என் கை பிடிக்கலை" என்றார். பல் தந்தி அடித்தது. நல்ல திடமான ஆள், முப்பது வயசு இருக்கும். மேலுக்கு நல்ல ஜாக்கெட் போட்டிருந்தார். கீழே வெறும் ஷார்ட்ஸ், தொடையெல்லாம் ஊறிப்போயிருந்தது. ஒரு டீக்கடையில் முக்கால் மணி நேரம் அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, கடைக்காரம்மா கொடுத்த சாக்கைக் காலில் சுற்றி, சர்க்கரை போட்ட டீ இரண்டு கொடுத்த பிறகுதான் அவர் பேச்சு சீரானது. அதற்கப்புறம் அவரை ஜீப்பில்தான் இறக்கினோம். உடம்பின் பெரிய தசைத் தொகுதிகளில் ஒன்று தொடையில் இருக்கிறது. மேலே ஜாக்கெட் போட்டுவிட்டுக் கீழே திறந்து விடுவது, வீட்டுக்கு முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

இப்போது கவனியுங்கள். இறக்கத்தில் நாம் மிதிப்பதில்லை, வியர்ப்பதும் இல்லை. வியர்க்காதவனுக்கு நீராவி விடும் துணி எதற்கு? காற்றையும் தண்ணீரையும் மறித்தால் போதும். அந்த வேலையை ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்கூட்டர் மழைப் பேண்ட் தாராளமாகச் செய்யும். நான் ஒன்பதாயிரத்தை வேண்டாம் என்று சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. அந்தத் துணியின் திறமைக்கு நம் பயணத்தில் வேலை இல்லை.

அதற்கு எங்கே வேலை உண்டு? குளிர் மழையில் நாள் முழுக்க மிதிக்கிற இடத்தில். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பயணத்தை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2007-ல் அங்கே விடாத மழை, ஏராளமானோர் பாதியில் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் நம்மில் யாராவது இருந்தால், நல்ல சவ்வுத் துணிக்குத் தாராளமாகச் செலவழிக்கட்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

சாதாரண மழைப் பேண்ட்தான் என்றாலும், சைக்கிளுக்கு எடுக்கும்போது சிலதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஒன்று, சீட்டில் படும் இடம். நான்கு துண்டும் ஒரே புள்ளியில் சேரும் தையல் அங்கே இருந்தால், அதுதான் முதலில் ஒழுகும், உட்காரும் இடத்தையும் அறுக்கும். தையலைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லாத தையல், ஊசி போட்ட ஆயிரம் ஓட்டைகள்.

இரண்டு, முழங்கால். கடையில் நின்றுகொண்டு அளவு பார்க்காதீர்கள். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலை மார்பு நோக்கித் தூக்கிப் பாருங்கள். தொடையில் இறுக்கக் கூடாது, கணுக்காலுக்கு மேலே ஏறக் கூடாது, முதுகுப் பக்கம் இடுப்பு கீழே இறங்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக வர, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிது எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று, கணுக்கால். ஷூவோடு நுழைய ஜிப்போ அகலமான வாயோ வேண்டும். மலை உச்சியில் மழையில் ஒற்றைக் காலில் நின்று ஷூ கழற்றுகிற சர்க்கஸ் நமக்கு வேண்டாம். போட்ட பிறகு வலது காலை வெல்க்ரோ பட்டையால் இறுக்க வேண்டும். செயினில் மாட்டினால் பேண்ட் கிழிவதோடு நிற்காது, ஆளும் விழுவார். விளிம்பு ஷூவுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே சொருகினால் காலில் வழியும் தண்ணீரெல்லாம் ஷூவுக்குள் இறங்கும்.

நான்கு, நிறம். மலையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடியில் ஆள் தெரியாது. கறுப்பு வேண்டாம். மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் பட்டையை லாரி டிரைவர் தூரத்திலிருந்தே சைக்கிள் என்று புரிந்துகொள்வார்.

ஐந்து, வைத்திருந்து காப்பது. நனைந்த பேண்ட்டைச் சுருட்டிப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். நிழலில் காயப் போடுங்கள். பாலியூரித்தேன் பூச்சு போட்ட துணி, நம் ஊர்ப் புழுக்கத்தில் பரணில் சில வருஷம் கிடந்தால் ஒட்டிக்கொண்டு செதிலாக உதிரும். வீட்டில் பழையது இருந்தால் இப்போதே எடுத்து உதறிப் பாருங்கள். மலை உச்சியில் பார்க்க வேண்டாம்.

பேண்ட்டுக்கு முன்னால் மட்கார்டு

இன்னொரு விஷயம். நம் காலை நனைக்கும் தண்ணீர் எல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை, நம் சக்கரமும் அள்ளி அடிக்கும். அப்பாக்கள் ஓட்டிய பழைய சைக்கிள்களில் முழு நீள மட்கார்டு இருந்தது. இன்றைய ஸ்போர்ட்ஸ் சைக்கிள்களில் பலவற்றுக்கு அது கிடையாது. முன்சக்கரத்துக்கு நீளமான மட்கார்டும், அதன் கீழ்நுனியில் ஒரு ரப்பர்த் துண்டும் மாட்டினால் ஷூவுக்குப் பாதிப் பாதுகாப்பு. பின்சக்கர மட்கார்டு உங்களுக்கும், உங்கள் பின்னால் வருகிறவர் முகத்துக்கும்.

முழுப் பேண்ட் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கோத்தகிரித் தோட்டங்களில் தேயிலை பறிக்கும் பெண்களைப் பாருங்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை ஒரு தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஈரச் செடி உரசும் முன்பக்கம் மறைந்திருக்கும்; கீழே திறந்திருப்பதால் காற்றும் போகும். நம் காட்டில் வேலை செய்தவர்கள் சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியும் இதே அறிவுதான். எங்கே நனையுமோ அங்கே மட்டும் மறை, மற்ற இடத்தைத் திறந்து விடு. நெதர்லாந்தில் ரெயின்லெக்ஸ் என்ற பெயரில், தொடையின் முன்பக்கத்தை மட்டும் மறைத்துப் பின்னால் பட்டை போட்டுக் கட்டும் அரைக் காப்பு ஒன்று விற்கிறார்கள். சுருட்டினால் இடுப்புப் பட்டை மாதிரி இருக்கும். சமவெளியில் நனையவே கூடாது என்கிறவர்களுக்கு இது பொருந்தும். நம் ஊர்த் தையல்காரரே மெல்லிய தார்ப்பாயில் தைத்துக் கொடுப்பார்.

தலை வழியாகப் போட்டு ஹேண்டில்பார் வரை விரிக்கும் கேப் ஐரோப்பாவில் ரொம்ப காலமாகப் பழக்கத்தில் இருப்பது. அடியில் காற்று ஓடுவதால் வியர்க்காது. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஒன்று உரசிப் போகும்போது அது பாய்மரம் மாதிரி உப்பி இழுக்கும். நம் கூட்டத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தோலும் பாதமும்

ஈரமும் உராய்வும் சேர்ந்தால் ஆறு மணி நேரத்தில் தோல் போய்விடும். கிளம்புவதற்கு முன் தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் வாசலின் தடவுங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸ் இரண்டு கொண்டுவாருங்கள். கோத்தகிரி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை டீ அல்ல, ஈர ஷார்ட்ஸை மாற்றுவது.

சர்க்கரை உள்ள நான்கு பேருக்கும் தனியாகச் சொல்கிறேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஊறிய பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஷூவுக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. மற்றவர்களுக்குச் சேற்றுப்புண்ணோடு போவது உங்களுக்குப் பெரிய புண்ணாகிவிடும். அதனால் வலிக்கும் வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷூவைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். விரல் இடுக்கைத் துடைத்து, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். மூன்று ஜோடி வைத்திருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, இந்தப் பயணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்ஸுக்கு மேல் கேரி பேக் கட்டும் வைத்தியம் நம் எல்லாருக்கும் தெரியும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். மாற்றுத் துணிக்குக் கெட்டியான வாட்டர்ப்ரூஃப் பை ஒன்று வாங்கினால் பல வருஷம் வரும்.

பயணக் குழுவுக்கு

ஆகவே நாளைப் பொதுக்குழுவின் முன் நான் வைக்கும் யோசனை இதுதான். மொத்தக் கொள்முதல் வேண்டாம். ஆளுக்கு ஒரு டேப் ஒட்டிய சாதாரண மழைப் பேண்ட், மட்கார்டு ஒரு ஜோடி, முழு விரல் கையுறை ஒரு ஜோடி. இவையெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒன்பதாயிரத்தில் பாதியைத் தாண்டாது. மிச்சமாகும் பணத்தில் உடன் வரும் வேனுக்கும், கம்பளிக்கும், பிளாஸ்க்குக்கும் செலவு செய்வோம். அதற்கும் மேல் மிஞ்சினால் நம் கல்வி உதவி நிதி இருக்கிறது.

இரண்டாவது, இறங்கும் நாளில் எல்லாரும் புறப்படும் இடத்திலேயே, உடம்பு சூடாக இருக்கும்போதே பேண்ட் போட வேண்டும். நடுங்க ஆரம்பிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. வெயில் அடித்தாலும் போட வேண்டும். அடுத்த வளைவில் மேகம் நிற்கும். பாதி வழியில் ஒரு கட்டாய நிறுத்தம். அங்கே ஒவ்வொருவரும் கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட முடியாதவர் வேனில் ஏற வேண்டும். இதில் சீனியர், ஜூனியர் கிடையாது.

மூன்றாவது, கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தையே தள்ளிப் போட வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழைக்கு எந்தத் துணியும் பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் லண்டன்–எடின்பரோ–லண்டன் நெடும்பயணத்தை ஃப்ளோரிஸ் புயலுக்காக நடுவிலேயே நிறுத்தினார்கள். பல நாடுகளிலிருந்து வந்து மிதித்தவர்கள் சைக்கிளை ஓரம் கட்டினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். கோத்தகிரி அடுத்த மாசமும் அங்கேதான் இருக்கும்.

நனைவது அவமானம் இல்லைங்க, ஆபத்தும் இல்லை. நனைந்தபடி குளிர்வதுதான் ஆபத்து. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால், 22 பேரும் கிளம்பின மாதிரியே சிரித்துக்கொண்டு இதே கல்லூரி வாசலுக்குத் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.